வழிநடையும் வினையும்

சென்ற பங்குனித் திங்களில் சித்தன்னவாசல் சென்று மீண்ட சில நாட்களுக்குப் பின், அன்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்து ஒரு வினாவை எழுப்பினார். "மலையடிவாரம் வரையில் தார்ச்சாலை இருக்கிறது. நீங்கள் அமர்த்திய வேனும் உடன் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் அன்னவாசலிலேயே இறங்கி, மண்பாதையில் அத்தனை பேரையும் நடத்தி அழைத்துச் சென்றீர்களாமே. இது அநர்த்த தண்டம் ஆகாதா?" என்பதே அவ்வினா.

கேட்டவர் விளையாட்டாகக் கேட்கக்கூடியவர் அல்லர். அணுவிரதங்களை ஏற்றுப் பல்லாண்டுகளாகக் காத்து வருபவர். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றினுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று என்பதை நம் அன்பர்கள் அறிவர். யாதொரு பயனும் இன்றி உயிர்களுக்கு இன்னல் விளைவிக்காமை என்பது அதன் பொருள். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் இத்தகைய பயனில் தீங்குகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகிய பிரமாத சரியையின் கீழ், வீணே மண்ணைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், செடி கொடிகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, வீணே சுற்றித் திரிவதையும் பிறரைத் திரியச் செய்வதையும் சேர்த்துள்ளார். அந்நூலை அடியொற்றி எழுந்த அருங்கலச்செப்பு நம் வீடுகளில் ஓதப்படும் நூல். ஆகவே அன்பரின் வினா நம்மை நேராகவே தைத்தது. நாம் திரிந்ததோடு நிற்கவில்லை. 38 பேரைத் திரியச் செய்தும் இருக்கிறோம்.

"தரிசனத்திற்காகத்தானே நடந்தோம், அது எப்படிப் பயனற்றது ஆகும்?" என்று எளிதாக விடை கூறிவிடலாம். உண்மையை மறைப்பதற்கில்லை. தரிசனம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் வேனிலேயே சென்றிருக்கலாம். காலைக் காற்று, புன்செய் வெளி, தொலைவில் யானைகள் படுத்திருப்பன போன்று தோன்றும் குன்றுகள், பிள்ளைகளின் கலகலப்பு இவற்றையெல்லாம் விரும்பியே நடந்தோம். இன்பம் கருதி நடப்பது பயனுள்ள நடையா, பயனில் நடையா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நடத்தலால் உயிர்கள் மடிகின்றன என்பதில் ஐயமில்லை. அவ்வாறாயின் துறவியர்க்கு ஊர்தியை விலக்கி நடையை மட்டும் ஏன் விதித்தனர்? ஊர்தியில் செல்பவன் தான் கொல்வதைக் காண்பதில்லை என்பதே முதற் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை இரவில் துடைப்பவர் ஓட்டுநர். உள்ளே அமர்ந்து ஸ்தோத்திரம் சொல்லிச் செல்லும் நமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லாதது போல் இருந்துவிடுகிறோம். நடப்பவன் அடிவைக்கும் இடத்தைப் பார்க்கமுடியும். பார்க்க முடிந்தும் பாராதிருந்தால் அப்போது அவன் குற்றவாளி. ஊக்கமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே கொலை என்று உமாஸ்வாமி ஆசாரியர் வரையறுத்ததும், விழிப்போடு நடப்பவனுக்கு உயிர் மடிந்த மாத்திரத்தால் பந்தம் இல்லை என்று குந்தகுந்த ஆசாரியர் விளக்கியதும் இக்கருத்தைப் பற்றியே. குந்தகுந்தரின் திருவடிகளைப் பொன்னூர் மலையில் ஆண்டுதோறும் வணங்குகிறோம். அடியை வணங்கும் நாம் அடி வைக்கும் முறையை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

அம்முறைக்கு ஈரியா சமிதி என்று பெயர். நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, பகல் வெளிச்சத்தில், தக்க காரணத்தோடு, தூய வழியில் செல்லுதல். இவற்றுள் வழியின் தூய்மை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூலாசாரம் அதனை விரிவாகவே பேசுகிறது. வண்டிகளும் கால்நடைகளும் மக்களும் முன்னரே சென்று சென்று தேய்ந்த வழி, வெயில் பட்டுக் காய்ந்த வழி, இவையே முனிவர்க்குத் தூய வழிகள். புல் முளைத்த புதுத்தரையில் கால் வைத்தல் ஆகாது. இதை நூலில் படித்தபோது விதியாக மட்டுமே நமக்குத் தோன்றியது. சித்தன்னவாசல் வழியில் நடந்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. ஒற்றையடிப் பாதை என்பது ஒரு முழ அகலமுள்ள மண். ஆயிரம் பேர் அதன்மேல் நடந்தாலும், அழிவது அந்த ஒரு முழ அகலத்தில் மட்டுமே. பாதையை விட்டு ஆளுக்கொரு திசையில் பத்துப் பேர் நடந்தால், அழிவு வெளியெங்கும் பரவிவிடுகிறது. ஆகவே, பலரும் நடந்த வழியே நடத்தல் சோம்பலன்று. அது ஓர் அறம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் குன்றுகள் பலவும் இத்தகைய வழிகளால் பிணைக்கப்பட்டிருந்தவையே. நார்த்தாமலையின் ஆளுருட்டி மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. அருகே மேலமலையில் திருமாலுக்கு உரியதாகிவிட்ட குடைவரை இன்றளவும் சமணர் குடகு என்றே வழங்கப்படுகிறது. தேனிமலையின் ஆண்டார் மடம் என்னும் குகைக்கு எதிரே உள்ள கல்வெட்டு, அங்கே மலயத்துவசன் என்னும் துறவி தவம் செய்ததையும், இருக்குவேள் அவரைக் கண்டு பள்ளிச்சந்தமாக நிலம் அளித்ததையும் கூறுகிறது. செட்டிப்பட்டியில் இடிந்து கிடக்கும் பள்ளியின் மேட்டைச் சமணர் குண்டு என்று ஊரார் அழைக்கின்றனர். நம்மவர் அங்கெல்லாம் குடியிருந்து எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. பெயர் மட்டும் வழியோரத்தில் நிற்கிறது.

சித்தன்னவாசலின் அறிவர் கோயிலையும் அதன் ஓவியப் பொய்கையையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். பவ்வியர்கள் பொய்கையில் இறங்கித் தாமரை கொய்ய, மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் அஞ்சாமல் தம் போக்கில் இருக்கும் அக்காட்சியை இங்கு நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். நம் கவனத்தை ஈர்த்தது மலையின் மறுபுறம் உள்ள ஏழடிப்பட்டம். மேற்குச் சரிவில் ஏறி, உச்சியைக் கடந்து, கிழக்கு முகத்தில் ஒடுங்கிய பாறை விளிம்பின் வழியே செல்லவேண்டும். கால் பதிக்க வெட்டப்பட்ட ஏழு குழிகளே அக்குகைக்கு இப்பெயரைத் தந்தன. உள்ளே வழவழப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகள். அவற்றுள் மிகப் பெரியதன் ஓரத்தில் உள்ள தமிழி எழுத்துகள், எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக அவ்விருக்கை செய்தளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். ஊர்தி ஏறாத நெறியினர் அங்கிருந்து எவ்வாறு வந்திருப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

படுக்கைகளை மட்டும் கண்டு திரும்புவோர்க்கு, இம்முனிவர்கள் உலகை வெறுத்து எட்டாத இடத்தில் ஒளிந்தவர்கள் என்று தோன்றக்கூடும். நடந்து சென்றவர்க்கு அவ்வாறு தோன்றாது. திகம்பர முனிவர் உணவைச் சேர்த்து வைப்பதில்லை. நாளுக்கு ஒருமுறை, இல்லறத்தார் தர, கையில் ஏற்று உண்பவர். ஆதலால் குகை எத்துணை உயரத்தில் இருந்தாலும், வெயில் முற்றுமுன் இறங்கிச் சென்று மீளக்கூடிய தொலைவில் ஓர் ஊர் இருந்தே தீரவேண்டும். ஊருக்கும் குகைக்கும் இடையே ஒரு வழி இருந்தே தீரவேண்டும். அவ்வழியில் முனிவர் இறங்கினார், சாவகர் ஏறினர். படுக்கை துறவுக்கு அடையாளம் என்றால், வழி துறவுக்கும் இல்லறத்துக்கும் இடையிலான உறவுக்கு அடையாளம். தொல்பொருள் துறையினர் படுக்கைக்குக் கம்பி வேலி இட்டுக் காக்கின்றனர். வழியைக் காப்பவர் ஒருவருமில்லை. சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்ட பாதைகள், உழுது வரப்போடு சேர்க்கப்பட்ட பாதைகள், கல்லுடைக்கும் குழியில் போய் முடிந்த பாதைகள் என்று எத்தனையோ. கிராம வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருப்பது தரையில் இல்லை. மோட்டார் சைக்கிளில் சாலையைச் சுற்றிச் செல்லும் ஊராரைக் குறை கூறுவதில் பொருளில்லை. நடப்பவர் இல்லையென்றால் பாதையும் இல்லை.

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்களைச் சுற்றி, உழவர்களின் விளைநிலங்களுக்கு ஊடாகவே பொது நடைபாதைகள் செல்வதை அங்கு வாழும் நம் பிள்ளைகள் கூறக் கேட்டிருப்பீர்கள். அவ்வுரிமை தானாகக் கிடைத்ததன்று. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தவர்களுள் ஐவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1949-ஆம் ஆண்டுச் சட்டம், பொது நடைபாதைகளை ஆய்ந்து வரைபடத்தில் பதிவு செய்யும் கடமையை அங்குள்ள மன்றங்களுக்கு விதித்தது. பாதையின் குறுக்கே உழுத விவசாயி மீண்டும் அதைச் சீர்செய்து தரவேண்டும். நடப்பவரும் அந்தப் பாதையை விட்டுப் பயிருக்குள் இறங்கக்கூடாது. அவர்கள் மனிதரின் உரிமையைக் கருதி வகுத்ததும், நம் ஆசாரியர்கள் பிற உயிர்களைக் கருதி வகுத்ததும், நடப்பவனை ஒரே கோட்டில் கொண்டு வந்து நிறுத்துவது வியப்பாக உள்ளது. நம் பக்கத்தில் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்குக் கல்வெட்டும் சிற்பமும் காண 2010-ஆம் ஆண்டு முதல் மக்களை நடத்தி அழைத்துச் செல்லும் பசுமை நடை அமைப்பினரை இங்கு பாராட்டவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். நம் முன்னோரின் படுக்கைகளைத் தேடி அவர்கள் நடக்கிறார்கள்.

நடக்கும் காலம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மழைக்காலத்தில் உயிர்கள் மல்கும் என்பதால் முனிவர்க்கு நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கும் நோன்பு விதிக்கப்பட்டது. அது தீபாவளியை ஒட்டி நிறைவுறும். புதுக்கோட்டைச் சீமையிலோ, வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வலுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அன்னவாசல் பக்கத்து மண்பாதையில் பட்டுப்போன்ற செந்நிறத் தம்பலப்பூச்சிகளும் மரவட்டைகளும் நத்தைகளும் ஊர்வதைக் காணலாம். நோன்பு முடிந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்துப் புறப்பட்டால் அவற்றின் மீதே நடக்கவேண்டிவரும். விதியின் சொல்லைக் காப்பதா, விதியின் நோக்கத்தைக் காப்பதா என்னும் சிக்கல் இந்த மண்ணில் நடப்பவனுக்கு ஆண்டுதோறும் வருகிறது. நாம் மார்கழி பிறக்கும் வரையில் மலைப்பயணம் வைத்துக்கொள்வதில்லை. இதற்கு நூலாதாரம் கேட்டால் நம்மிடம் இல்லை.

வழிநடையின் அறம் பற்றித் தமிழில் மிக நுணுக்கமாகப் பேசியவர் கவுந்தியடிகள். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் செல்லும்போது, அறவுரை கேட்கும் விருப்பத்தால் மதுரை செல்ல எண்ணியிருந்த அடிகள், பீலியும் கடிஞையும் எடுத்து உடன் புறப்படுகிறார். புறப்படுமுன் வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூந்தாது மூடியிருக்கும், கால் இடறும். குனிந்து பார்த்து நடந்தால் தாழத் தொங்கும் பலாக்கனி தலையில் முட்டும். வயல் வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து தேன் நீரில் கலந்திருக்கும், வேட்கை மிகுதியால் கண்ணகி அதை அள்ளிப் பருகிவிடக்கூடும். களையெடுத்தோர் வரப்பில் எறிந்த மலர்களில் வண்டு இருக்கும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். இவ்வாறெல்லாம் கூறிய பின் அடிகள் சொல்வதுதான் நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. வயலும் சோலையும் அல்லாத வேறு வழி அங்கே இல்லை என்கிறார். தீங்கற்ற மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக அவர் காட்டவில்லை. அதற்காகப் பயணத்தைக் கைவிடவும் இல்லை. கவனமாகச் செல்க என்று கூறித் தாமும் நடக்கிறார்.

அவர்கள் நடந்த வழி புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடாகவே சென்றது என்பது நமக்கு உவகை தரும் செய்தி. மதுரைக்கு மூன்று வழிகள் பிரிவதாக மாங்காட்டு மறையோன் கூறும் கொடும்பை நெடுங்குளம், விராலிமலைக்குத் தெற்கே உள்ள இன்றைய கொடும்பாளூர் என்பர். தேனிமலை முனிவரைக் கண்ட இருக்குவேளின் மரபினர்க்கும் அதுவே தலைநகர். இடப்பக்க வழியில் திருமால்குன்றமும், நீராடினால் பேறு தரும் பொய்கைகளும் உண்டு என்று மறையோன் புகழ்ந்துரைத்தும், உண்மையில் வழுவாது உயிர்களைக் காப்பவர்க்கு அப்பேறுகளைத் தேடி அலையவேண்டுவதில்லை என்னும் கருத்துப்பட மறுத்து, அடிகள் இடைவழியே செல்கிறார். அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் நடக்கவில்லை, ஒரு நாள் நடந்தால் பல நாள் தங்கினர் என்றும் காப்பியம் கூறுகிறது. கண்ணகியின் காலுக்கு இசைந்த வேகம் அது.

இனி நம் பயணத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். சொல்ல நாணமாகத்தான் உள்ளது.

பங்குனி வெயிலைக் கருதி, உடன் வந்த இளைஞர் ஒருவர் விடியற்காலை 4 மணிக்கே டார்ச் விளக்குகளோடு புறப்படலாம் என்றார். நாம் மறுத்துவிட்டோம். உள்ளங்கை ரேகை தெரியும் முன் வழிநடை கூடாது என்று பெரியோர் நமக்குக் கற்பித்தது. பூசை முடித்து அன்னவாசலை விட்டுப் புறப்பட 7 மணி ஆயிற்று. முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் எறும்பு வரிசையைக் கண்டு நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினர். வழியருகே பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள் சிலவற்றைக் கண்டோம். ஏறி நின்று படம் எடுக்க முயன்ற இருவரைக் கீழே இறக்கினோம். அறிவர் கோயில் தரிசனம் முடித்து ஏழடிப்பட்டத்திற்கு ஏறத் தொடங்கியபோது வெயில் கடுமையாகிவிட்டது. பாறை கொதித்தது. மிதியடி இல்லாமல் ஏறுவது என்று முன்பே உறுதி செய்திருந்தோம். அதையும் நாமே வற்புறுத்தியிருந்தோம்.

எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பாதி வழியில் அமர்ந்துவிட்டதை நாம் அறியவில்லை. உச்சியைக் கடந்தபின் தலைகளை எண்ணியபோதுதான் ஒருவர் குறைவது தெரிந்தது. திரும்பி ஓடி வந்தபோது, ஆடு மேய்க்கும் பெண் ஒருவர் அவரைத் தாங்கலாகப் பற்றிக் கீழே ஒரு வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார். அம்மையார் வடிகட்டாத நீர் அருந்தாதவர். வடிகட்டிய நீர்ச் செம்பு அவருடைய மருமகளின் கையில், மலைக்கு மறுபுறம் போய்விட்டது. ஆட்டுக்காரப் பெண்மணி தம் முந்தானையை இரண்டாக மடித்துத் தம் குடத்து நீரை அதில் வடித்துத் தந்தார். அம்மையார் மறுக்காமல் பருகினார். நாமும் எதுவும் சொல்லவில்லை.

"என்னங்கய்யா, வெயில் ஏறின பிறகா பாறையில ஏத்துறது? நாங்க ஆட்டையே இந்நேரத்துக்கு நிழலுக்கு ஓட்டிருவோம்" என்றார் அப்பெண்மணி. அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. அம்மையாரோ கண் விழித்ததும் நம்மைப் பார்த்து, "என்னால எல்லாருக்கும் தடங்கலாப் போச்சு தம்பி. நீங்க போய்த் தரிசனம் பண்ணிட்டு வாங்க" என்று வருந்தினார். நாம் கேட்கவேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுவிட்டார்.

நான்கு முழம் முன்னே நோக்கி நடந்தோம் என்பது உண்மை. அவர் நமக்கு நூறு முழம் பின்னே வந்துகொண்டிருந்தார். எறும்பைக் காத்த கண்ணுக்கு உடன் வந்தவர் தெரியவில்லை. ஐந்தறிவு உயிருக்கும் மூன்றறிவு உயிருக்கும் இரங்கவேண்டும் என்பது நெறி. ஆறறிவு உயிர் விலக்கு என்று எந்நூலும் கூறவில்லை. அன்பரின் வினாவுக்கு விடையும் இவ்விடத்தில் நமக்குக் கிடைத்தது. அநர்த்த தண்டம் நிகழ்ந்தது. ஆனால் அவர் கருதிய இடத்தில் நிகழவில்லை. காற்றையும் குன்றையும் விரும்பி நடந்த காலைநடையில் நாம் விழிப்போடு இருந்தோம். தரிசனம் என்னும் பெரும்பயனைக் குறித்து மலையேறிய போதுதான் விழிப்பு அற்றுப்போயிற்று. பயன் பெரிது என்ற நினைவே, வழியில் யார் வீழ்ந்தாலும் போய்ச் சேரவேண்டும் என்ற விரைவைத் தந்தது. இன்ப நடை தீங்கென்றும் யாத்திரை நடை தீங்கன்று என்றும் பிரிப்பது போதாது என்று இப்போது நினைக்கிறோம்.

ஊர் திரும்பியபின் காப்பியத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். கொடும்பாளூரைக் கடந்து, எயினர் கோட்டத்தை நீங்கிய பின், கோடை வெயிலைக் கண்ணகி பொறுக்கமாட்டாள், இரவில் நிலவொளியில் செல்வோம் என்று கோவலன் வேண்டுகிறான். பகலில் மட்டுமே நடக்கவேண்டிய நெறியினர் கவுந்தியடிகள். நண்டுக்கும் நத்தைக்கும் அஞ்சியவரும் அவரே. அவர் அதற்கு உடன்படுகிறார். நெடிய வாதம் எதுவும் இல்லை. தமக்கென அவர் இரவில் நடந்திருக்கமாட்டார் என்பது நம் துணிபு. உடன் வந்த பெண்ணின் கால் சுடுகிறது. அதற்காகத் தம் நெறியில் வரும் குறையைத் தாமே ஏற்றுக்கொண்டார். நாம் செய்தது இதற்கு நேர் எதிர். நம் நெறி குறைவுபடாமல் இருக்க, அதன் சுமையை மற்றொருவர் காலின்மீது ஏற்றினோம்.

இதை நம் சங்கத்து மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. "காப்பியம் ஆகமம் ஆகுமா? ஒரு கவுந்தி இரவில் நடந்தார் என்று சொல்லி ஒவ்வொருவரும் தம் வசதிக்கு விதியைத் தளர்த்தினால், கடைசியில் எந்த விதி எஞ்சும்? வெயில் என்று தெரிந்தும் பங்குனியில் அழைத்துச் சென்றதே பிழை, புறப்பட்ட நேரம் பிழையன்று" என்றார். அவர் கூற்றில் பெரும்பகுதி சரியே. தன் வசதிக்குத் தளர்த்துவதும் பிறர் துன்பத்துக்குத் தளர்த்துவதும் வேறு வேறு என்று நாம் கூறினோம். "தளர்த்துகிறவன் எல்லாருமே இரண்டாவது என்றுதான் சொல்வான்" என்றார் அவர். அதையும் மறுக்க இயலவில்லை. உரையாடல் அவ்வளவில் நின்றது, இன்னும் முடியவில்லை.

வரும் தைத் திங்களில் நார்த்தாமலைக்குச் செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. தையில் பாறை சுடாது. ஆதலால் ரேகை தெரிந்தபின் புறப்பட்டாலும் இடரில்லை. இது வினாவுக்கு விடையாகாது, வினா எழாத காலத்தைத் தேர்ந்துகொண்டதே என்று மூத்தவர் சிரித்தார். அம்மையாரும் வருவதாகச் சொல்லி அனுப்பியுள்ளார். பாதையை விட்டு எவரும் விலகாமல் ஒருவர் பின் ஒருவராகச் செல்வது என்றும், அம்மையார் எட்டும் வேகத்திலேயே செல்வது என்றும் முடிவாகியுள்ளது. வடிகட்டிய நீர்ச் செம்பு இம்முறை வரிசையின் கடைசியில் வருபவரிடம் இருக்கும்.